எல்லையும் ஏற்றமும்

தொகையீட்டுக் குறியைத் தாளில் எழுதும் மாணவன் பெரும்பாலும் அதனையடுத்து நிற்கும் சார்பையே நோக்குகின்றான். குறியின் அடியிலும் முடியிலும் சிறிய எழுத்திற் காணப்படும் இரண்டு எண்கள் அவனுடைய கவனத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. சார்பைத் தொகையிடுவது கடினம். அதற்குப் பயிற்சி வேண்டும். எல்லைகளைப் பிரதியிடுவதோ எவருஞ் செய்யக்கூடிய இலகுவான வேலை என்பது அவனது எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டிற் பயின்ற ஒரு மாணவன் மூன்று முறை தவறி விழுந்தே அறிந்துகொண்டான்.

அவன் வடபுலத்துக் கிராமமொன்றிலிருந்து வந்தவன். அவன் படித்த பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் ஆசிரியர் ஓராண்டு இருந்தார். அடுத்த ஆண்டு மாற்றலாகிச் சென்றுவிட்டார். எஞ்சியதை அவன் பழைய வினாத்தாள்களிலிருந்தும் பிறருடைய குறிப்புகளிலிருந்தும் தானே கற்றான். அவ்வாறு கற்பவர்களுக்கு மனனமே துணை. பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரும் அத்துணையை அவன் கைவிடவில்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழிற் கற்ற சொற்களையும் புதிதாகக் கேட்ட சொற்களையும் பொருத்திப் பார்ப்பதிலேயே பாதி நேரம் கழிந்தது. ஆகவே அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை வரைந்து வைத்துக்கொண்டான். கோல் என்றால் இன்ன எல்லை, வளையம் என்றால் இன்ன எல்லை, தட்டு என்றால் இன்ன எல்லை என்று அது நீண்டது. கோணம் வருமிடமெல்லாம் பூச்சியத்திலிருந்து இரண்டு பை வரை என்பது அவ்வட்டவணையின் பொதுவிதி. வளையத்துக்கும் தட்டுக்கும் அவ்விதி பிழைக்கவில்லை.

இடைப் பரீட்சையில் வந்த வினா எளிதானது. பத்துச் சதமமீற்றர் ஆரையுள்ள கோளத்தின் மேற்பரப்பில் மின்னேற்றம் சீராகப் பரந்துள்ளது. சதுர மீற்றருக்கு இரண்டு மைக்கிரோ கூலோம் என மேற்பரப்பு ஏற்ற அடர்த்தி தரப்பட்டுள்ளது. தொகையீட்டின் மூலம் மொத்த ஏற்றத்தைக் காண்க. அவன் கோள முனைவாள்கூறுகளை எடுத்துக்கொண்டான். சிறு பரப்பு மூலகத்தைச் சரியாகவே எழுதினான்: ஆரையின் வர்க்கம், உச்சியிலிருந்து அளக்கப்படும் கோணத்தின் சைன், இரு கோணங்களின் சிறு மாற்றங்கள் ஆகியவற்றின் பெருக்கம். பின்பு அட்டவணையின்படி இரண்டு கோணங்களுக்கும் பூச்சியத்திலிருந்து இரண்டு பை வரை எல்லையிட்டான். சைனைத் தொகையிட்டுப் பிரதியிட்டதும் விடை பூச்சியமாக வந்தது.

ஒரு முழுச் சுற்றில் சைனின் தொகையீடு பூச்சியம் என்பது கணிதத்திற் பிழையன்று. ஆனால் எங்கும் நேரேற்றமே பரந்துள்ள கோளத்தில் மொத்த ஏற்றம் பூச்சியமாக முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்தது. மணிக்கூட்டைப் பார்த்தான். பத்து நிமிடமே எஞ்சியிருந்தது. பௌதிகவியலிற் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவது முதலாண்டுப் பெறுபேறுகளிலேயே தங்கியிருந்தது. கோளத்தின் பரப்பளவு நான்கு பை ஆரை வர்க்கம் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். அவன் பூச்சியத்தை அழித்தான். 0.25 மைக்கிரோ கூலோம் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகளும் இட்டான்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த வினாவுக்குப் பத்துப் புள்ளியில் இரண்டே கிடைத்திருந்தது. விடையின் அருகே சிவப்பு மையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: “இங்கிருந்த பூச்சியம் எங்கே?”

விரிவுரையாளரின் அறைக்கு அவன் போனது புள்ளி கேட்பதற்காகத்தான். அவர் புள்ளியைப் பற்றிப் பேசவில்லை. தாளை வாங்கி, அழித்த இடத்தை யன்னல் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார்.

“ஏன் அழித்தீர்?”

“சேர், கோளத்தில் ஏற்றம் இருக்கிறது. பூச்சியம் வர முடியாது.”

“அப்படியென்றால் பிழை இருக்கிறதென்று உமக்குத் தெரிந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று தேடினீரா?”

அவன் பேசாது நின்றான். அவர் மேசையிலிருந்த தோடம்பழமொன்றை எடுத்து, காம்பிலிருந்து அடிவரை பேனாவால் ஒரு கோடு வரைந்தார். “இது உச்சியிலிருந்து அளக்கிற கோணம். அடிக்கு வந்ததும் எத்தனை பாகை?” “நூற்றெண்பது, சேர்.” “இந்தக் கோட்டை இனிப் பழத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுக் கொண்டு போனால் தொடாத இடம் ஏதும் உண்டா?” பழத்தை மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். தொடாத இடம் எதுவும் இருக்கவில்லை. “நீர் இந்தக் கோட்டை அடியோடு நிறுத்தவில்லை. மற்றப் பக்கத்தால் திரும்பக் காம்புவரை ஏற்றிவிட்டீர். பிறகு அதையும் சேர்த்துச் சுழற்றினீர். ஒவ்வொரு இடத்தையும் எத்தனை தரம் எண்ணினீர்?”

இரண்டு தரம் என்பது அவனுக்கு அப்போது விளங்கியது. இரண்டு தரம் எண்ணினால் விடை இரட்டிப்பாகவல்லவா வரவேண்டும், பூச்சியம் ஏன் வந்தது என்ற ஐயம் அடுத்து எழுந்தது. அதற்கான விடை சைனிலேயே இருந்தது. நூற்றெண்பது பாகையைக் கடந்ததும் சைன் மறைக் குறியைப் பெறுகின்றது. எனவே பரப்பு மூலகமும் மறையாகின்றது. இறங்கும்போது கூட்டிய பரப்பை ஏறும்போது கழித்துக்கொண்டே வந்திருக்கின்றான். அத்தொகையீடு தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடையையே தந்தது. கேட்கப்பட்ட கேள்விதான் அந்தக் கோளத்தைப் பற்றியதாக இருக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பும் வழியில் அவனை வருத்தியது வேறொன்று. இவ்வுண்மையை அவன் ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே புவியியலில் அறிந்திருந்தான். தேசப்படத்தில் நெடுங்கோடுகள் கிழக்கே 180 பாகை, மேற்கே 180 பாகை என உலகை முழுமையாகச் சுற்றி வருகின்றன. அகலக்கோடுகளோ வடக்கே 90, தெற்கே 90 என்பதோடு நின்றுவிடுகின்றன. யாழ்ப்பாணம் வடக்கு ஏறத்தாழ 9 பாகை 40 கலையில், கிழக்கு ஏறத்தாழ 80 பாகையில் உள்ளது என்றால் அந்த முகவரி அதற்கு மட்டுமே உரியது. அகலக்கோட்டையும் முழுச் சுற்றுக்கு நீட்டினால் உலகிலுள்ள ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு முகவரிகள் உண்டாகும். புவியியலிற் படித்ததைப் பௌதிகவியலுக்குக் கொண்டுவர அவனுக்குத் தோன்றவில்லை. அட்டவணை இருந்தமையால் அதற்குத் தேவையும் ஏற்படவில்லை.

எல்லைகளின் பெறுமதியை உணரக் கணித உலகத்துக்கே நெடுங்காலம் சென்றது. இன்று வழங்கும் தொகையீட்டுக் குறியை இலைபினிற்சு 1675 இல் தமது கையெழுத்துக் குறிப்புகளில் முதன்முதலாக எழுதினார். அதன் அடியிலும் முடியிலும் எல்லைகளை இடும் வழக்கம் பிரெஞ்சு அறிஞராகிய பூரியர் 1822 இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலின் வாயிலாகவே பரவியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் எங்கிருந்து எங்குவரை என்பதைக் குறியினருகே சொற்களால் எழுதவேண்டியிருந்தது. பூரியர் எடுத்துக்கொண்டவை கோல், வளையம், கோளம் முதலிய உண்மையான பொருள்களினூடே வெப்பம் செல்லும் முறை பற்றிய வினாக்கள். பொருளுக்கு ஓரம் உண்டு. அந்த ஓரத்தைக் குறியிலேயே காட்டவேண்டிய தேவை அவருக்கிருந்தது.

கோளத்தில் விழுந்த மாணவன் அடுத்ததாகக் கோலில் விழுந்தான். பயிற்சி வகுப்பில் ஒரு வினா தரப்பட்டது. மெல்லிய கோலொன்றின் நடுப்புள்ளி உற்பத்தியில் உள்ளது. அலகு நீளத்துக்கான ஏற்றம் நடுப்புள்ளியிலிருந்துள்ள தூரத்துக்கு விகிதசமமாக, வலப்புறத்தில் நேராகவும் இடப்புறத்தில் மறையாகவும் உள்ளது. மொத்த ஏற்றம் யாது? இம்முறை அவன் எல்லைகளைச் சரியாகவே இட்டான்: மறை அரை நீளத்திலிருந்து நேர் அரை நீளம் வரை. விடை மீண்டும் பூச்சியமாக வந்தது. பூச்சியத்தைக் கண்டதும் அவனுக்கு அச்சம் பிறந்தது. முன்னர் ஏமாற்றிய பூச்சியம் இதுவும் என்று கருதி, எல்லையைப் பூச்சியத்திலிருந்து அரை நீளம் வரை எனக் குறைத்து, விடையை இரண்டாற் பெருக்கிவிட்டான்.

இந்தப் பூச்சியமோ உண்மையானது. கோலின் வலப்பாதியில் உள்ள நேரேற்றமும் இடப்பாதியில் உள்ள மறையேற்றமும் அளவிற் சமமானவை. ஆகவே மொத்த ஏற்றம் இல்லை. அதனால் அக்கோலில் ஒன்றுமே இல்லை என்பதும் பொருளன்று. இரு பாதிகளும் சேர்ந்து இருமுனையொன்றாகத் தொழிற்படுகின்றன. மின்புலத்தில் வைத்தால் அக்கோல் திரும்ப முயலும். முதற் பூச்சியம் எண்ணும் முறையிற் பிறந்தது. இரண்டாம் பூச்சியம் பொருளிலேயே இருந்தது. இரண்டும் தாளில் ஒரே வட்டமாகத்தான் தோன்றுகின்றன. அவற்றை வேறுபடுத்த அட்டவணை உதவாது. விடையைப் பார்த்து அஞ்சுவதும் உதவாது.

பயிற்சி வகுப்பை நடத்தியவரும் அதே விரிவுரையாளரே. இம்முறை அவர் பழம் எதையும் எடுக்கவில்லை. “உம்முடைய வீட்டில் காணி உறுதி பார்த்திருக்கிறீரா?” என்று கேட்டார். அவன் பார்த்திருந்தான். பாட்டனார் காலத்து உறுதியொன்று தகரப் பெட்டியில் இருந்தது. கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய காணி, தெற்கே வாய்க்கால் என நான்கெல்லையும் அதில் எழுதப்பட்டிருந்தன. “அந்த எல்லைகளை நொத்தாரிசு யோசித்து எழுதினாரா, போய்ப் பார்த்தவர்கள் சொல்லி எழுதினாரா?” என்று அவர் கேட்டார். வகுப்பிற் சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. நிலத்தைக் காணாமல் வேலியடைத்தவனுடைய நிலையில் தான் இருப்பதை அவன் உணர்ந்தான்.

அன்றிரவு கொப்பியின் கடைசிப் பக்கத்தை அவன் கிழித்தெறிந்தான் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அவன் கிழிக்கவில்லை. அட்டவணையின் தலைப்பில் மாத்திரம் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டான்: “ஏற்றம் எங்கே இருக்கிறது?” அதன் பின்னர் ஒவ்வொரு கணக்கையும் அக்கேள்வியோடு தொடங்கலானான்.

அக்கேள்வி எதிர்பாராத இடங்களிலும் உதவிற்று. கனவளவு முழுவதும் சீராக ஏற்றம் பரந்த திண்மக் கோளத்தினுள்ளே ஒரு புள்ளியில் மின்புலத்தைக் காண்பதற்குக் கவுசின் விதியின்படி அப்புள்ளியூடாகச் செல்லும் கோளப் பரப்பினுள் அடங்கிய ஏற்றம் வேண்டும். அங்கே மேலெல்லை அப்புள்ளியின் தூரம். புள்ளி கோளத்துக்கு வெளியே இருந்தால் மேலெல்லை கோளத்தின் ஆரையோடு நின்றுவிடவேண்டும். புள்ளிவரை நீட்டினால் ஏற்றமற்ற வெளியை ஏற்றத்தால் நிரப்பியதாக முடியும். அதே கோளம் கடத்தியாக இருந்தாலோ நிலைமை வேறு. சமநிலையில் ஏற்றம் முழுவதும் புறப்பரப்பில் மட்டுமே இருக்கும். உட்கனவளவைத் தொகையிடுவதில் பயனில்லை. இதனைக் கணிதம் தானாகக் கூறிவிடவில்லை. கவெண்டிசு 1773 அளவில் ஒரு கோளத்தை இரு அரைக்கோளங்களால் மூடி, இரண்டையும் கம்பியால் இணைத்து ஏற்றமூட்டி, பின்னர் இணைப்பை நீக்கி அரைக்கோளங்களைப் பிரித்துப் பார்த்தார். உட்கோளத்தில் ஏற்றம் எதனையும் கண்டறிய அவரால் இயலவில்லை. அவர் வெளியிடாது விட்ட அப்பரிசோதனையை மட்சுவெல் 1879 இல் பதிப்பித்து வெளியிட்டார். வடிவத்தால் ஒன்றேயான இரு கோளங்களுக்கு வெவ்வேறு எல்லைகள் இருப்பது அவற்றினுள் ஏற்றம் இருக்கும் முறை வெவ்வேறானமையினாலேயே.

மூன்றாவது வீழ்ச்சி ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது. அங்கே எல்லை வெளியில் அன்றிக் காலத்தில் இருந்தது. ஆயிரம் மைக்கிரோ பரட்டுக் கொள்ளளவியொன்றைப் பத்து வோற்றுக்கு ஏற்றி, ஐம்பதாயிரம் ஓம் தடையினூடே இறக்கி, பத்துச் செக்கனுக்கு ஒரு முறை மின்னோட்டத்தை வாசித்து வரைபு கீறவேண்டும். வரைபின் கீழுள்ள பரப்பே பாய்ந்த மொத்த ஏற்றம். கொள்ளளவியில் முதலில் இருந்த ஏற்றம் பத்து மில்லிக் கூலோம். அவனுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 8.6 மில்லிக் கூலோம். அத்தகைய கொள்ளளவிகளிற் குறிக்கப்பட்ட பெறுமானத்துக்கும் உண்மைப் பெறுமானத்துக்குமிடையே இருபது சதவீதம்வரை வேறுபாடு இருக்கக்கூடும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். அதனையே காரணமாக எழுதினான். கௌரவமான காரணம்தான்.

செய்முறை விளக்குநர் அறிக்கையை வாசித்துவிட்டு வரைபின் வலது ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நூறு செக்கனில் வரைபு முடிந்திருந்தது. “இந்த நேரம் ஓட்டம் எவ்வளவு?” அவன் பார்த்தான்: 27 மைக்கிரோ அம்பியர். “அதற்குப் பிறகு?” அதற்குப் பிறகு வரைபுத்தாள் இல்லை. மேலெல்லையைத் தெரிந்தெடுத்தது அவனும் அன்று, கொள்ளளவியும் அன்று. கடையில் வாங்கிய தாளின் ஓரமே அதனைத் தெரிந்தெடுத்திருந்தது.

அச்சுற்றின் நேர மாறிலி ஐம்பது செக்கன். இரண்டு நேர மாறிலிகளின் பின் 86 சதவீதமே வெளியேறியிருக்கும்; ஐந்து நேர மாறிலிகள், அதாவது 250 செக்கன் சென்றபின் 99.3 சதவீதம் வெளியேறியிருக்கும். எஞ்சியதைக் கணிக்கவும் வழியுண்டு. நிறுத்திய கணத்தில் உள்ள ஓட்டத்தை நேர மாறிலியாற் பெருக்கினால் இனிப் பாயவேண்டிய ஏற்றம் கிடைக்கும். 27 மைக்கிரோ அம்பியரை ஐம்பது செக்கனாற் பெருக்கினால் 1.35 மில்லிக் கூலோம். அதனைக் கூட்டியபோது அவனுடைய 8.6 ஏறத்தாழப் பத்தாக நிரம்பிற்று. கொள்ளளவியிற் குறையிருக்கவில்லை. மேலெல்லையில் முடிவிலி என்று எழுதுவது உலகம் முடியும்வரை மேசையருகே காத்திருக்கவேண்டும் என்பதற்காக அன்று. எதனையும் விட்டுவிடவில்லை என்று கூறுவதற்காகவே என்பதை அவன் அன்று கண்டான்.

ஓரமே இல்லாத பொருள்களும் உண்டு என்பது அடுத்த ஆண்டில் அவனுக்குத் தெரியவந்தது. ஐதரசன் அணுவின் தாழ்ந்த சத்தி நிலையில் இலத்திரனின் ஏற்றம் கருவைச் சுற்றி முகில்போற் பரந்திருப்பதாகக் கொள்ளப்படுகின்றது. போரின் ஆரை 0.053 நனோமீற்றர். அதனை அணுவின் ஆரை எனப் பாடசாலையில் மனனஞ் செய்தவன், அந்த ஆரையோடு தொகையீட்டை நிறுத்திப் பார்த்தான். இலத்திரனின் ஏற்றத்தில் 32 சதவீதமே அகப்பட்டது. இருமடங்கு தூரத்தில் 76 சதவீதமும் ஐந்து மடங்கு தூரத்தில் 99.7 சதவீதமும் கிடைத்தன. முடிவிலிக்குச் சென்றாலன்றி ஓர் இலத்திரனின் ஏற்றம் முழுமையாகக் கிடைப்பதில்லை. கோளத்தில் எல்லையை மீறிச் சென்றமை தவறாயிற்று. இங்கே எல்லையிட்டு நின்றமையே தவறாயிற்று. இரண்டு சந்தர்ப்பங்களிலும் தவறு ஒன்றே. முதலிற் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை.

அவனுக்குச் சிறப்புப் பட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. இடைப் பரீட்சையில் இழந்த எட்டுப் புள்ளிகள் பெறுபேற்றில் இறுதிவரை குறையாகவே நின்றன. பட்டம் பெற்றபின் அவன் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டான். பௌதிகவியலுக்கு நீண்டகாலம் ஆசிரியர் இல்லாதிருந்த ஒரு பாடசாலைக்கு விரும்பியே போனான். அங்குள்ள மாணவர்களும் எல்லைகளின் அட்டவணை கேட்டார்கள். கேட்பதில் குற்றமில்லை என்பதை அவனைவிட நன்கு அறிந்தவர் இல்லை. துணையின்றிக் கற்பவனுக்கு மனனம் ஊன்றுகோல். அவன் அட்டவணை கொடுத்தான். ஆனால் படம் வரைந்து, ஏற்றம் இருக்கும் இடத்தைப் பென்சிலால் நிழலிட்டுக் காட்டாத எந்த விடைக்கும் முழுப் புள்ளி கொடுப்பதில்லை என்பதையும் முதல்நாளே கூறிவிட்டான்.

ஒரு தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களை இரவில் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளையின் தாள் அவன் கையை நிறுத்தியது. அரைவட்டக் கம்பியொன்றின் மொத்த ஏற்றம் கேட்கப்பட்டிருந்தது. விடை சரி. அதற்கு முந்திய வரியில் தாள் சற்று மெலிந்து, அழிறப்பர் தேய்த்த தடம் தெரிந்தது. விளக்கின் முன்னே தாளைப் பிடித்துப் பார்த்தான். அரைவட்டத்துக்கு முழுச் சுற்றின் எல்லை இடப்பட்டு, விடை இருமடங்காக வந்து, பின்பு அழிக்கப்பட்டிருந்தது.

அவன் சிவப்புப் பேனாவை எடுத்தான். புள்ளியிடுவதற்கு முன் நெடுநேரம் தயங்கினான். பின்பு விடையின் அருகே எழுதினான்: “மற்றப் பாதியை எங்கே ஒளித்தீர்? நாளை என்னை வந்து பாரும்.”

வழியில் வாங்குவதற்கென்று ஒரு தோடம்பழத்தையும் மறுநாட் குறிப்பிற் சேர்த்துக்கொண்டான். கம்பி வினாவுக்குப் பழம் தேவையில்லை. ஆயினும் அடுத்த பாடம் கோளம்.